பழைய சீன அகேட் பொடிக் குப்பி வாங்கப் போகிறீர்களா? முதலில் உள்ளே பாருங்கள்

ஹாங்காங்குக்கு வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் நான் வாங்கிய முதல் மூக்குப்பொடிக் குப்பி இன்னும் என் மேசையில் இருக்கிறது. பளிச்சென்ற பச்சை அகேட், அதாவது நிறம் அடுக்கடுக்காக ஓடும் ஒரு கடினக் கல். ஒரு பக்கம் தாமரை, மறுபக்கம் கொக்கு. "சிங் அரச காலத்துப் பொருள், இருநூறு வருடம்" என்றார் கடைக்காரர். (சிங் என்பது 1911 புரட்சியில் வீழ்ந்த சீனாவின் கடைசி அரச மரபு.) ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று இரவு அதைக் கைபேசி விளக்கின் மேல் நிறுத்திப் பார்த்தபோது, நடுவில் பென்சில் பருமனுக்கு நேராக ஒரு துளை மட்டும் தெரிந்தது. அதைச் சுற்றி முழுக்கல். மூக்குப்பொடி போட்டு வைப்பதற்காக யாரும் அதைக் குடையவில்லை. அலமாரியில் வைத்து விற்பதற்காகச் செய்திருந்தார்கள்.

அதன்பிறகு ஆறு வருடம், பதினோரு குப்பிகள். ஒன்று என் கைக்கு வராமலே இரண்டு மாதம் கிடங்கில் கிடந்தது. ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன். நான் பட்ட பாடு புதிதாக வாங்குகிறவர்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வரலாறு வேறு எங்கும் கிடைக்கும். இங்கே எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும், எத்தனை நாளாகும் என்பது மட்டும்.

1. கடைக்குப் போகும் முன் நான்கு சாமான்கள்

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நகைக்கடை லென்ஸ். விரல் நீள எல்இடி டார்ச். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சின்ன மின் தராசு. பிளாஸ்டிக் வெர்னியர் அளவுகோல் (உலோகமானால் அது பட்டுக் குப்பியின் வாய் விளிம்பு தெறித்துவிடும்). நான்கும் சேர்ந்து அதிகம் ஆகாது. குப்பிக்கென்று ஒதுக்கிய பணத்தில் முதலில் இவற்றை வாங்கிவிடுங்கள்.

இரண்டு வாரம் படம் பார்ப்பதற்கும் ஒதுக்குங்கள். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் பொடிக் குப்பிகளைத் தேடிப் பார்க்கலாம். தோள், கழுத்து, அடிவட்டம் எல்லாம் எப்படி அமைந்திருக்கின்றன என்று கண் பழகட்டும். சந்தைப் பொருளின் கழுத்தும் தோளும் ஏன் கண்ணுக்குச் சரியாகப் படவில்லை என்பது அதன்பிறகு யாரும் சொல்லாமலே பிடிபடும்.

கடையில் உதவும் மூன்று சீனச் சொற்கள்: பொடிக் குப்பி பீ-யென்-ஹூ, அகேட் மா-நாவ், கல்லின் இயற்கை நிறத்தையே உருவமாக்கும் வேலை ச்சியாவ்-ஸ. இதெல்லாம் ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸ் மொழியில் வேறு மாதிரி ஒலிக்கும். ஆனாலும் பழம்பொருள் கடைகளில் புரிந்துகொள்வார்கள்.

2. குடைவைப் பாருங்கள், செதுக்கலை அப்புறம் பார்க்கலாம்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

செதுக்கல் என்று சொல்கிறோமே தவிர, அகேட்டை உளியால் செதுக்க முடியாது. கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அது 6.5 முதல் 7. எஃகுக் கத்தி அதைக் கீறாது. பழைய பட்டறையில் கைவினைஞர் மிதிபலகை வைத்த மேசையில் உட்கார்ந்து, இரு காலாலும் மாறி மாறி மிதித்து ஓர் அச்சைச் சுழற்றுவார். அச்சின் முனையில் இரும்புச் சக்கரம். அதன் மேல் தண்ணீரில் குழைத்த கடினமான மணல்தூள். கல்லைக் கையில் பிடித்துச் சக்கரத்தில் காட்டிக்கொண்டே இருப்பார். கல்லை அறுப்பது இரும்பு அல்ல, தூள்தான். கொக்கின் ஒரு இறகு கூட மணிக்கணக்கான தேய்ப்பில் வந்ததுதான்.

வெளிப்பக்கமாவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே? குப்பியின் வாய் ஐந்தாறு மில்லிமீட்டர்தான். அதன் வழியே முதலில் குழாய்த் துளைப்பானை இறக்கி நேராக ஒரு துளை போடுவார்கள். பிறகு வளைந்த கொக்கிக் கம்பியில் தூளைத் தடவி, அந்தத் துளையிலிருந்து பக்கவாட்டில் தேய்த்துத் தேய்த்து வயிற்றை அகலப்படுத்துவார்கள். மிகக் கடினம் தோளுக்கு அடியில் இருக்கும் பகுதி. கொக்கி மேல்நோக்கித் திரும்ப வேண்டும், கண்ணுக்கு எதுவும் தெரியாது, கைப்பழக்கம் ஒன்றே துணை. கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துச் சுவர் உடைந்தால் வெளியே செய்த வேலை அத்தனையும் போய்விடும். அதனால் அவசரத்துக்குச் செய்யும் மலிவுப் பொருளில் முதலில் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான்.

பார்க்கும் முறை இது. டார்ச்சைக் குப்பியின் பின்னால் பிடியுங்கள். உள்வெளியின் கோடு வெளிக்கோட்டோடு ஒட்டி, தோள் வரை போய், கழுத்தருகே வளைந்து திரும்ப வேண்டும். தோளுக்குக் கீழே கல் முக்கோணமாகத் தடித்து நின்றால் பாதி வேலையில் விட்டிருக்கிறார்கள். நேர்த்துளை மட்டும் என்றால், என் பச்சைக் குப்பியின் கதை.

இணையத்தில் வாங்கும்போது டார்ச் அடிக்க வழியில்லை. அங்கே எடையைக் கேளுங்கள். உடலின் உயரம், அகலம், கனம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கிப் பாதியாக்குங்கள். தட்டையான உருண்டை வடிவக் குப்பிக்கு ஏறக்குறைய அதுதான் வெளிக்கொள்ளளவு. அகேட்டின் அடர்த்தி 2.6. ஆகவே 6 செ.மீ. உயரம், 5 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. கனம் உள்ள குப்பிக்குக் கொள்ளளவு 37 மில்லிக்குச் சற்று மேல். அது முழுக்கல்லாக இருந்தால் 97 கிராம் போல வரும். விற்பவர் 85 கிராம் என்றால் உள்ளே துளைதான் இருக்கிறது. 45 என்றால் நன்றாகக் குடைந்திருக்கிறார்கள். 37-க்கும் கீழே போனால், வாயை அடைத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்கும். சேகரிப்பாளர்கள் மிதக்கும் குப்பி என்று மதிப்போடு சொல்வது இதைத்தான். எடையைச் சொல்ல மறுக்கும் விற்பனையாளரிடம் நான் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

ஒரு எச்சரிக்கை. நல்ல குடைவு நல்ல வேலைக்குச் சாட்சி, வயதுக்குச் சாட்சி அல்ல. வைரத்தூள் கருவிகளும் மின்விசையும் வைத்து இன்றும் மெல்லிய சுவரோடு குடைகிறார்கள். லியாவ்னிங் மாகாணத்தின் ஃபூஷினில் இன்றும் அருமையான அகேட் வேலை நடக்கிறது. புதியதைப் புதியது என்று சொல்லி விற்றால் அதில் தவறேதும் இல்லை.

3. நிறம் எங்கே போகிறது என்று பாருங்கள்

அகேட் குப்பிகளில் நெஞ்சை அள்ளுவது நிழலுருவ வேலை. வெளிர்தேன் நிறக் கல்லுக்குள் பழுப்பாக ஒரு திட்டு இருக்கும். அதைப் பார்த்த கைவினைஞருக்கு அதில் ஒரு குதிரை தெரிந்திருக்கும். சுற்றியுள்ள வெளிர்பகுதியைத் தேய்த்து எடுத்துவிட்டு, பழுப்பை மட்டும் குதிரையாக நிறுத்திவிடுவார். சூசோ நகரத்து வேலைப்பாடு என்று அடையாளம் சொல்லப்படும் குப்பிகளில் இது இன்னும் ஒரு படி மேலே. ரம்பப் பல் போன்ற பாறை விளிம்புகள், பைன் மரம், அடியில் ஒரு முதியவர், எல்லாமே கல்லின் சொந்தக் கறையிலிருந்து வந்திருக்கும்.

என்னிடம் உள்ள ஒன்றில் கழுகும் கரடியும். இரண்டின் பெயரையும் சீனத்தில் சேர்த்துச் சொன்னால் யிங்-சியுங், வீரன் என்ற சொல்லின் ஒலி வரும். குதிரை மேல் குரங்கும் தேனீயும் இருந்தால் சீக்கிரம் பெரிய பதவி கிடைக்கட்டும் என்ற வாழ்த்து. இப்படிச் சிலேடை பொருந்தி வருகிறதா என்று பாருங்கள். பொருளே இல்லாமல் மிருகங்களை அடுக்கியிருந்தால் செய்தவருக்கு மரபு தெரியாது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இங்கேதான் பெரிய பொறி. அகேட்டின் சில அடுக்குகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்துக் கந்தக அமிலத்தில் போட்டால் அந்த அடுக்குகள் கருத்துவிடும். சாயம் ஏற்றினால் பச்சை, நீலம், ரோஜா எதுவும் வரும். என் பச்சைக் குப்பி அப்படி வந்ததுதான். டார்ச் வெளிச்சத்தில் வெடிப்புக் கோடுகளில் நிறம் தேங்கிக் கருத்திருந்தால் சாயம். அதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. இயற்கைக் கறை உருவத்துக்கு வெளியேயும் கொஞ்சம் வழிந்திருக்கும், உருவத்துக்குள் எங்காவது குறைந்தும் இருக்கும், கைவினைஞர் அதற்கு வளைந்து கொடுத்திருப்பார். குதிரையின் காது நுனியிலிருந்து வால் நுனி வரை நிறம் கோடு தாண்டாமல் நிரம்பியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

கண்ணாடியையும் அகேட் என்று விற்பார்கள். லென்ஸில் உருண்டைக் காற்றுக் குமிழ் தெரிந்தால் கண்ணாடி. கையில் எடுத்த கணத்தில் அகேட் குளிர்ச்சியாக இருக்கும்.

4. லென்ஸ் வைத்துப் பள்ளங்களைப் பாருங்கள்

மேல்பரப்பு யாரை வேண்டுமானாலும் ஏமாற்றும். இறகுகளுக்கு இடையில், பாறை இடுக்கில், அடிவட்டத்தின் உள்ளே லென்ஸை வையுங்கள். பழைய வேலையில் பள்ளத்தின் அடி வரை பொறுமையாக மெருகேற்றியிருப்பார்கள். கருவித் தடம் இருந்தால் அகலமும் திசையும் மாறிமாறி இருக்கும். ஒரே அகலத்தில், கூர்மையாக, வரிவரியாக ஓடினால் மின்விசையில் சுழன்ற வைரமுனை. வாய் விளிம்பில் சின்னச் சின்னத் தெறிப்புகள் இருப்பது சகஜம். அதை மறைக்க விளிம்பையே அரைத்துக் கழுத்தைக் குட்டையாக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

உள்ளே ஒட்டியிருக்கும் பழுப்புத் தூளை வயதுக்கு ஆதாரமாகக் காட்டினால் நம்ப வேண்டாம். தேயிலைச் சாறும் மண்ணும் அதே நிறம்தான்.

5. எங்கே வாங்குவது

பெய்ஜிங் போகிறவர்கள் பான்ஜியாயுவான் சந்தைக்குப் போகாமல் வரமாட்டார்கள். போங்கள், பாருங்கள். ஆனால் பழையது என்று நம்பி வாங்காதீர்கள். காரணம் சட்டம். 1911-க்கு முந்தைய பண்பாட்டுப் பொருட்களைச் சீனப் பெருநிலத்திலிருந்து வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. அங்கே வாங்கிய குப்பி உண்மையில் சிங் காலத்தது என்றால் அதை உங்களால் கொண்டுவர முடியாது. தாராளமாகக் கொண்டுவர முடிகிறது என்றால் அது சிங் காலத்தது அல்ல. இரண்டில் எது நடந்தாலும் நஷ்டம் உங்களுக்கு.

ஹாங்காங்கில் ஹாலிவுட் சாலைக் கடைகளும் அதற்குக் கீழே கேட் ஸ்ட்ரீட் என்று எல்லோரும் அழைக்கும் அப்பர் லஸ்கர் ரோவும் தெரிந்த இடங்கள். (லஸ்கர் என்பது கப்பலில் வேலை பார்த்த இந்திய மாலுமிகளின் பெயர். நம் ஊர் ஆட்களின் காலடி பட்ட தெருவில் நின்றுதான் பேரம் பேசுகிறோம்.) தெருவில் பரப்பி வைத்திருப்பது பெரும்பாலும் நினைவுப்பொருள். ஹாலிவுட் சாலையில் உள்ளே அழைத்து உட்காரவைத்து, வெல்வெட் தட்டில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் கடைகளைத் தேடுங்கள். முதல் முறை போனதுமே வாங்க வேண்டாம். மூன்றாம் முறை போகும்போது எடுத்துக் காட்டும் பொருளே வேறாக இருக்கும்.

புதியவருக்கு நான் பரிந்துரைப்பது ஏலம். பொருளை முன்கூட்டியே காட்சிக்கு வைப்பார்கள், கையில் எடுத்துப் பார்க்கலாம். எழுத்தில் விவரம் கிடைக்கும். விலை எல்லார் முன்னாலும் ஏறும். ஹாங்காங்கில் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும், லண்டனில் மே, நவம்பரிலும், நியூயார்க்கில் மார்ச், செப்டம்பரிலும் ஆசியக் கலை ஏலங்கள் கூடும். 1968-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் சைனீஸ் ஸ்னஃப் பாட்டில் சொசைட்டி என்ற சேகரிப்பாளர் சங்கமும் உண்டு. உறுப்பினரானால் அவர்களுடைய இதழ் கிடைக்கும். அதன் படங்களே பாதிப் பாடம்.

6. மூடியில் இருக்கும் கரண்டி

இரண்டு மாதம் கிடங்கில் கிடந்ததாகச் சொன்னேனே, அதற்குக் காரணம் அரை கிராம் கூட வராத ஒரு கரண்டி.

பொடிக் குப்பியின் மூடியில் தக்கையும், தக்கையிலிருந்து உள்ளே தொங்கும் மெல்லிய கரண்டியும் இருக்கும். பொடியை அள்ளிக் கட்டைவிரல் நகத்தில் வைக்க அது. வாழை மட்டையில் பொடி கட்டி வாங்கிய நம் தாத்தாக்கள் விரலாலேயே வேலையை முடித்தார்கள். சீனத்தில் கரண்டி. அந்தக் கரண்டி பல குப்பிகளில் தந்தம், சிலவற்றில் ஆமை ஓடு. இரண்டுமே சர்வதேச வன உயிரின வணிக ஒப்பந்தத்தில் கடுமையான கட்டுப்பாட்டில் உள்ளவை. ஹாங்காங்கில் 2021 டிசம்பர் 31 முதல் தந்த வணிகமே நின்றுவிட்டது, 1925-க்கு முந்தைய தொல்பொருளுக்கு மட்டும் விலக்கு. அதையும் எல்லை தாண்டி அனுப்ப உரிமம் வேண்டும். ஐரோப்பாவில் நான் ஏலத்தில் எடுத்த குப்பியின் கரண்டி தந்தமாக இருக்கலாம் என்று பட்டதும் கூரியர் அதை எடுக்க மறுத்துவிட்டது. கடிதப் போக்குவரத்து, கிடங்கு வாடகை, கடைசியில் கரண்டியைக் கழற்றிவிட்டு அனுப்பினார்கள்.

ஆகவே பணம் கட்டும் முன்பே எழுதிக் கேளுங்கள்: "மூடியும் கரண்டியும் எதனால் ஆனவை?" "எலும்பு" என்று வாய்மொழியாகச் சொன்னால் போதாது. அவ்வளவு சிறிய துண்டில் எலும்பா தந்தமா என்று சுங்க அதிகாரியிடம் நிரூபிக்க உங்களால் முடியாது. கழற்றிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். மூடி சிவப்புப் பவளமாக இருந்தாலும் கவனம். 2008-லிருந்து சீனாவின் கோரிக்கையில் நான்கு பவள வகைகள் அந்த ஒப்பந்தத்தின் மூன்றாம் பட்டியலில் உள்ளன. அதற்கும் காகிதம் கேட்பார்கள். மூடிகள் பெரும்பாலும் பிற்காலத்தில் மாற்றப்பட்டவை என்பதால், மூடி இல்லாமல் வந்தாலும் குப்பியின் மதிப்பில் பெரிய இழப்பில்லை. கண்ணாடி மூடி ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

7. காகிதங்கள்

என் முதல் ரசீதில் இருந்தது இரண்டே சொற்கள்: "கல் குப்பி". அதை வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் கேட்க முடியவில்லை. இப்போது இவை இல்லாமல் நான் பணம் கொடுப்பதில்லை:

- ரசீதில் பொருளின் பெயர், கல்லின் வகை, உயரம், எடை, காலம். "சிங் காலம், 19-ஆம் நூற்றாண்டு" என்று இருக்க வேண்டும். "சிங் பாணி" என்று எழுதினால் நேற்றுச் செய்தது என்றும் பொருள் வரும்.
- பழுது, ஒட்டு, சாயம் பற்றிய நிலை அறிக்கை. ஏல நிறுவனங்களில் கேட்டால்தான் தருவார்கள், கேட்டால் இலவசம்.
- தவறாக இருந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பது எழுத்தில்.
- யார் கையில் இருந்து வந்தது என்பதற்கான பழைய ரசீது, ஏலச் சீட்டு, அடியில் ஒட்டிய எண். அந்தச் சீட்டைச் சுரண்டி எடுக்காதீர்கள். அழுக்காகத் தெரிந்தாலும் அதுதான் குப்பியின் பிறப்புச் சான்றிதழ்.

ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழைக் காட்டி "வயது நிரூபிக்கப்பட்டது" என்பார்கள். அந்தச் சான்றிதழ் சொல்வது இது இயற்கை அகேட், சாயம் உண்டு அல்லது இல்லை என்பதை மட்டும். கல் உருவான காலத்துக்கும் கை வைத்த காலத்துக்கும் தொடர்பில்லை. சுட்ட மண்பாண்டத்துக்கு இருப்பது போல, கல்லை எப்போது குடைந்தார்கள் என்று காட்டும் ஆய்வகச் சோதனை கிடையாது.

இந்தியாவுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு இன்னொன்று. 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடம் கடந்த தொல்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. ஊரில் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பிறகு வெளிநாட்டில் விற்கலாம் என்ற எண்ணம் இருந்தால், உள்ளே கொண்டுவரும் முன்பே சுங்கத் தரகர் ஒருவரிடம் பேசி, இறக்குமதிக் காகிதங்களைப் படத்தோடு பத்திரப்படுத்துங்கள்.

8. உண்மையில் எவ்வளவு ஆகும்

ஏலத்தில் சுத்தியல் தட்டி முடிவாகும் விலை உங்கள் விலை அல்ல. சிங்கப்பூரில் இருக்கும் நண்பருக்காக நான் போட்ட கணக்கைத் தருகிறேன். சுத்தியல் விலை 10,000 ஹாங்காங் டாலர். ஏல நிறுவனத்துக்கு வாங்குபவர் கட்டணம் 26 விழுக்காடு, 2,600. காப்பீட்டோடு கூரியர் 900. ஆக 13,500. அதன் மேல் சிங்கப்பூர் ஜிஎஸ்டி 9 விழுக்காடு, 1,215. கைக்கு வரும்போது 14,715. அதாவது கையிருப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கையைத் தூக்கக் கூடாது. கட்டண விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இணையத் தளம் வழியே ஏலம் கேட்டால் அதற்குத் தனியாக சில விழுக்காடு. ஹாங்காங்கில் இருப்பவர்களுக்கு விற்பனை வரி கிடையாது. பிரிட்டனில் நூறு வருடம் கடந்த தொல்பொருளுக்கு இறக்குமதி வாட் 5 விழுக்காடுதான். ரசீதில் காலம் எழுதியிருந்தால்தான் அந்தச் சலுகை கேட்க முடியும். காப்பீட்டுக்காக விலையைக் குறைத்துக் காட்டச் சொல்லும் விற்பனையாளர் பேச்சைக் கேட்காதீர்கள். உடைந்தால் காட்டிய விலைதான் திரும்ப வரும்.

9. நாள் கணக்கு

ஏலத்துக்குப் பத்து நாள் முன்பு பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட் நகல், முகவரிச் சான்று, சில இடங்களில் முன்பணம் கேட்பார்கள், சரிபார்க்க இரண்டு மூன்று நாள் ஆகும். வென்றால் பணம் கட்டப் பெரும்பாலும் ஒரு வாரம்தான் தருவார்கள், வங்கிப் பரிமாற்றத்துக்கே நான்கு நாள் போய்விடும். குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் கிடங்கு வாடகை ஓடத் தொடங்கும். கரண்டிச் சிக்கல் இல்லாமல் எனக்கு வந்தவை மூன்று முதல் ஐந்து வாரத்தில் வந்தன.

பெட்டி வந்ததும் பிரிப்பதைத் தொடக்கம் முதல் கைபேசியில் படமெடுங்கள். மெத்தை விரித்த மேசையில், உட்கார்ந்துகொண்டு பிரியுங்கள். மூடி இறுகியிருந்தால் திருகி இழுக்க வேண்டாம். வாயருகே இரண்டு சொட்டு வெதுவெதுப்பான நீர் விட்டு அரைமணி நேரம் காத்திருந்தால் தக்கை இளகும். பிறகு எடை போட்டு, அளந்து, டார்ச் அடித்து ரசீதோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே படத்தோடு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு சில இடங்களில் நீங்கள் கையெழுத்திட்டு வாங்கிய நாளிலிருந்தே எண்ணப்படுகிறது.